இருமல் குடிநீர்: எதைக் கொதிக்க விட வேண்டும், எதை ஊறவிட்டால் போதும்?

வேர்முடிச்சு:

வணக்கம். சளி, இருமலுக்காக வீட்டில் போடும் குடிநீர் (கஷாயம்) பற்றிச் சில சந்தேகங்கள். சரக்கு ஐந்து: அதிமதுரம், சுக்கு, ஆடாதோடை இலை, துளசி, கற்பூரவள்ளி. ஐந்தையும் ஒன்றாகத் தட்டிப் போட்டு, இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி, பாதியாக வற்றியதும் வடிகட்டுகிறோம். ஒரு நாள் குடித்தால் தொண்டைக்கு நன்றாக இதம் கொடுக்கிறது. இன்னொரு நாள் அதே அளவு போட்டும் வெறும் கசப்புத் தண்ணீராக இருக்கிறது, வாசனையே இல்லை. எங்கே தவறுகிறது? எந்தச் சரக்குக்கு எவ்வளவு நீர், எவ்வளவு நேரம்?

அடுத்தது, துளசியையும் கற்பூரவள்ளியையும் நிழலில்தான் காய வைக்கிறோம். ஆனாலும் இலை கருத்துப் போகிறது. டப்பாவில் போட்ட ஒரு மாதத்தில் பூசண வாடை வருகிறது. பூசணம் பிடித்ததை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? காலையில் காய்ச்சியதை இரவு வரை வைத்திருக்கலாமா?

குடிப்பவர்களில் ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அவருக்கு எதையாவது மாற்ற வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

கல்வம்:

ஐந்தையும் ஒரே நேரத்தில் போடுவதுதான் முதல் கோளாறு. ஒரு சரக்கில் வேலை செய்யும் பொருள் எது, அது சூட்டைத் தாங்குமா, ஆவியோடு போய்விடுமா என்று பார்த்துத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

அதிமதுரமும் சுக்கும் கெட்டிச் சரக்கு. நார் இளகி உள்ளிருக்கும் சத்து நீரில் இறங்க நேரம் பிடிக்கும். சுக்கிலும் வாசனை எண்ணெய் உண்டுதான், ஆனால் அதன் காரம் ஆவியாகிற பொருளில் இல்லை, கொதித்தாலும் நிற்கும். ஆடாதோடையில் முக்கியமானது வாசிசின் என்ற ஆல்கலாய்டு. அதுவும் ஆவியாகாது, எனவே வேர்களோடு சேர்த்துக் கொதிக்க விடலாம். துளசியும் கற்பூரவள்ளியும் அப்படி அல்ல. துளசியில் யூஜினால், கற்பூரவள்ளியில் கார்வக்ரால், தைமால் எல்லாமே வாசனை எண்ணெய்கள். திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதித்தால் வீடெல்லாம் மணக்கும், தம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் 'கசப்புத் தண்ணீர்' இப்படித்தான் வருகிறது.

இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கான அளவு சொல்கிறேன். அதிமதுரம் 2 கிராம், சுக்கு 3 கிராம், காய்ந்த ஆடாதோடை இலை 3 கிராம். மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாக அரைத்தால் அடியில் படிந்து தீயும், வடிகட்டினாலும் கசடு இறங்கும். முழுத் துண்டாகப் போட்டால் நடுப்பகுதிக்கு நீர் போய்ச் சேராது. உளுந்து அளவுத் துண்டுதான் சரி. 300 மில்லி நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அதே நீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். மூடி வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற அளவில் வைத்து, 100 மில்லி ஆகும்வரை வற்ற விடுங்கள். முப்பது நாற்பது நிமிடம் ஆகும்.

ஒரே அளவு போட்டும் நாளுக்கு நாள் மாறுவதற்குத் தீதான் பெரும்பாலும் காரணம். தீ தூக்கலாக இருந்தால் பத்து நிமிடத்திலேயே நீர் பாதியாகிவிடும். பார்க்க வற்றியதுபோல் இருக்கும், சரக்கு இன்னும் பாதிகூட இறங்கியிருக்காது. வற்றிய அளவையும் கண்ணால் மதிப்பிட வேண்டாம். காலிப் பாத்திரத்தில் முதலில் 100 மில்லி நீரை அளந்து ஊற்றி, ஒரு மெல்லிய குச்சியைச் செங்குத்தாக விட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். காய்ச்சும்போது சரக்கை ஓரம் ஒதுக்கிவிட்டு அந்தக் குச்சியை விட்டுப் பார்த்தால் எப்போது இறக்குவது என்று தெரிந்துவிடும். பாத்திரம் மாறினால் கீறலும் மாறும். அதிமதுரத்துக்கு நுரைக்கிற குணம் உண்டு, பொங்கி வழியாத அளவுக்கு உயரமான பாத்திரம் எடுங்கள்.

வேர்களை வடித்துவிட்டு, சூடு குறைவதற்குள் அந்த நீரைத் திரும்ப ஒரு கொதி விட்டு அடுப்பை அணையுங்கள். இப்போதுதான் துளசி: காய்ந்தது என்றால் 2 கிராம், பச்சை என்றால் 5, 6 கிராம். கற்பூரவள்ளிப் பச்சை இலை இரண்டைக் கையால் கசக்கிப் போடலாம். உடனே மூடி போட்டுப் பத்து நிமிடம். திறக்கும்போது மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் நிற்கும். அதைத் தரையில் உதறாமல் பாத்திரத்துக்குள்ளேயே தட்டி விடுங்கள், ஆவியோடு போகப் பார்த்த எண்ணெய் அதில்தான் இருக்கிறது. இலை கொஞ்சம் நீரைக் குடித்துவிடும் என்பதால் கடைசியில் 80, 90 மில்லிதான் கிடைக்கும். ஆளுக்குப் பாதி.

நீரின் அளவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: மெல்லிய சரக்குக்கு நான்கு பங்கு, நடுத்தரமானதற்கு எட்டு, கெட்டிச் சரக்குக்குப் பதினாறு பங்கு நீர் விட்டு நாலிலொன்றாக வற்றவைப்பது. பெரிய அளவில் காய்ச்சும்போது அது மிகச் சரியாக வரும். ஐந்து பத்து கிராமுக்கு அந்தக் கணக்கில் நீர் விட்டால் சரக்கு வேகும் முன்னே பாத்திரம் காய்ந்துவிடும். அதனால்தான் மேலே நீரைக் கூட்டிச் சொன்னேன்.

மூன்றாவது வகையும் உண்டு, உங்கள் கலவையில் இல்லாவிட்டாலும் தெரிந்திருப்பது நல்லது. இசப்கோல், சப்ஜா விதை போன்ற வழவழப்புச் சரக்குகளுக்குக் கொதியும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். பச்சைத் தண்ணீர் போதும். இசப்கோலில் நீர் குறைவதுதான் ஆபத்து: 5 கிராமுக்கு ஒரு பெரிய தம்ளர் நீராவது வேண்டும், இல்லையென்றால் தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைக்கும்.

பாத்திரம்: எவர்சில்வர், மண், கண்ணாடி. இரும்புச் சட்டியில் துவர்ப்புச் சரக்கு எதையும் காய்ச்சாதீர்கள், துவர்ப்புக்குக் காரணமான டேனின் இரும்போடு சேர்ந்து மை போலக் கருத்துவிடும். அலுமினியமும் வேண்டாம்.

பரண்:

காய வைப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நிழலில் காய வைக்கச் சொல்வது வெயிலில் நிறமும் வாசனை எண்ணெயும் போய்விடும் என்பதற்காக. பலர் அதை மூடிய அறையின் மூலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிழலைவிடக் காற்றோட்டம் முக்கியம். இலை பறித்த பிறகும் உள்ளே நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். கசங்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் அவை இலையின் பீனால்களைக் கருக்க வைக்கும். ஈரம் சீக்கிரம் போனால் நொதி நின்றுவிடும், மெதுவாகப் போனால் நாள் முழுக்கக் கருத்துக்கொண்டே இருக்கும். கருத்த இலை என்றால் 'மெதுவாகக் காய்ந்த இலை' அல்லது 'கசக்கிக் காய்ந்த இலை' என்று அர்த்தம்.

பனி ஈரம் முழுதாக உலர்ந்த பிறகு பறியுங்கள். கழுவினால் துணியில் ஒற்றி எடுங்கள், பிழிய வேண்டாம். தாள் மேல் பரப்பினால் அடிப்பக்கம் வேர்க்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிமேல், இலைமேல் இலை ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலும் கீழும் காற்று போகும்படி வையுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக உள்ள நாட்களில் மின்விசிறி போதாது, 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் வைத்த உலர்த்தி வேண்டும். அதற்கு மேல் சூடு ஏற்றினால் துளசியின் எண்ணெய் பறந்துவிடும்.

காய்ந்ததா என்பதை இலையைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். இலை மொறுமொறுப்பாகிவிடும், காம்பில் ஈரம் ஒளிந்திருக்கும். டப்பாவில் பூசணம் பிடிப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். காம்பை வளையுங்கள். வளைந்தால் இன்னும் காயவில்லை, 'டப்' என்று ஒடிந்தால் காய்ந்தது. பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, சற்று வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். உள்பக்கம் இலேசாகப் பனித்தாலும் திரும்ப வலைக்குப் போக வேண்டும். தராசு இருந்தால் இன்னும் நல்லது: துளசியைப் போன்ற மெல்லிய இலை ஒரு கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 200 கிராமுக்குள் நிற்க வேண்டும். 300 கிராம் இருந்தால் மீதி தண்ணீர்தான்.

கற்பூரவள்ளியைக் காய வைப்பதை விட்டுவிடுங்கள். சதைப்பற்றுள்ள இலை, பெரும்பகுதி நீர். காய்வதற்குள் அழுகத் தொடங்கிவிடும். தொட்டியில் வைத்துப் பறித்துப் பறித்துப் பயன்படுத்த வேண்டிய செடி அது. சுக்குக்கும் மற்ற வேர், கிழங்குகளுக்கும் எதிர்ப்பக்கச் சிக்கல்: முழுதாகக் காய வைத்தால் வெளியே கல்லாகும், நடுவில் ஈரம் நிற்கும். பச்சையாக இருக்கும்போதே 3 முதல் 5 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கிவிட வேண்டும். காய்ந்தபின் நறுக்கவே முடியாது.

பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொதிக்க வைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற பூசணம் அதன் வித்துத் தூள்தான், இழைகள் அதற்கு வெகு முன்பே உள்ளே பரவியிருக்கும். சில பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலுக்கு நஞ்சு, கொதிநீரின் சூட்டில் அது அழியாது. பூசணம் செடியின் பொருளையே வேறொன்றாக மாற்றிவிடுவதும் உண்டு. 1920களில் வட அமெரிக்காவில் இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியின் கெட்டுப்போன வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. நல்ல வைக்கோலில் இருக்கும் கூமரின் என்ற மணப்பொருளைப் பூசணம் டைகூமராலாக மாற்றியிருந்தது. அது இரத்தம் உறைவதையே தடுக்கும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்ததுதான். அதனால் சரியாகக் காயாத சரக்கை 'வீரியம் கொஞ்சம் குறைந்த மருந்து' என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சேமிக்கும்போது இலையை முழுதாக வைத்து, வேண்டும்போது நொறுக்குங்கள். வெளிச்சம் புகாத புட்டி. இலை, பூ ஒரு வருடம். வேர், பட்டை இரண்டு மூன்று வருடம். பொடி செய்துவிட்டால் ஆயுள் மளமளவென்று குறையும், சூரணத்துக்குச் சித்த மருத்துவம் சொல்லும் காலம் மூன்று மாதம். புட்டிமேல் செடியின் பெயரோடு எந்தப் பாகம், பறித்த மாதம் எது என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

ஊறல்நீர்:

காலையில் காய்ச்சியது இரவுக்கு ஆகாது. குடிநீருக்குச் சித்த மருத்துவத்தில் சொன்ன ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். மாவுப்பொருளும் சர்க்கரையும் கரைந்த வெதுவெதுப்பான நீர் கிருமிக்கு நல்ல தீனி, கசப்பு அதைத் தடுக்காது. குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் வரை தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். புளித்த வாடை, மேலே ஏடு, ஊற்றும்போது நூல் போல் இழுப்பது, இதில் எது இருந்தாலும் சூடு பண்ணிப் பார்க்காமல் கீழே ஊற்றிவிடுங்கள். இடித்த சரக்கை ஒரு வேளை அளவாகப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காய்ச்சுவது சிரமமாக இருக்காது.

மாத்திரைக்கணக்கு:

இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு இந்தக் கலவையிலிருந்து அதிமதுரத்தை எடுத்துவிடுங்கள். இதில் 'கொஞ்சமாகப் போட்டால்' என்ற பேச்சே வேண்டாம்.

அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரிசின், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுக்கிறது. அப்படித் தேங்கும் கார்டிசால், உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்யும் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். அவர் எடுப்பது ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரை என்றால் பொட்டாசியம் இரண்டு வழியிலும் இழக்கப்படும். தசை தளர்வு, காலில் பிடிப்பு, இதயத் துடிப்பு தப்புவது எல்லாம் அதன் விளைவு. டைகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இது இன்னும் ஆபத்து, பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகும்.

அழுத்தம் இல்லாதவர்களுக்கும் அளவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு கிளிசிரிசினுக்குச் சொன்ன மேல் எல்லை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். வேரில் 5 சதவீதம் இருக்கிறது என்று வைத்தால் 2 கிராம் வேரிலேயே அந்த 100 வந்துவிடும். வேருக்கு வேர் இந்தச் சதவீதம் நிறைய மாறும். கல்வம் சொன்ன அளவில் ஆளுக்கு ஒரு கிராம் வருகிறது. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வேளை, ஒரு வாரத்துக்குள் நிறுத்துவது என்றால் நலமாக உள்ள பெரியவர்களுக்குச் சரி. இருமல் நின்ற பிறகும் தினமும் குடிக்கிற பானமாக அதை ஆக்கிவிடக் கூடாது. தொண்டை இதத்துக்காகத்தான் அதிமதுரம் என்றால், அழுத்த மாத்திரை எடுப்பவருடைய தம்ளரில் ஆறியபின் ஒரு தேக்கரண்டி தேன் விட்டுக் கொடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது.

ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு வேண்டாம், வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். சளி இளக்கும் ப்ரோம்ஹெக்சின் அந்த வாசிசினைப் பார்த்துச் செய்த மருந்து. அம்ப்ராக்சால் ப்ரோம்ஹெக்சின் உடம்பில் மாறி வரும் பொருள். அந்த மருந்துகள் உள்ள டானிக்கை ஏற்கெனவே குடிக்கிறவர், மேலே ஆடாதோடையும் சேர்த்துக் குடிக்க அவசியமில்லை.

சுக்கோடு மிளகு, திப்பிலி சேர்த்துத் திரிகடுகமாகப் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பரின் பல மருந்துகளை இரத்தத்தில் கூடுதலாக ஏற்றிவிடும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், சளியில் இரத்தம் தெரிந்தால், மூச்சு வாங்கினால், மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் குடிநீரை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வேர்முடிச்சு:

அனைவருக்கும் நன்றி. குச்சியில் கீறிவைக்கும் முறை எனக்குத் தெரியாது, இன்றே செய்கிறேன். அதிமதுரத்தை அவருக்கு நிறுத்திவிட்டோம். இன்னும் ஒரு கேள்வி: குழந்தைகளுக்கு வயிற்றுப் பூச்சி இருந்தால் ஆடுதின்னாப்பாளை இலையையும் இதோடு சேர்க்கலாம் என்கிறார்கள். அதைக் கடைசியில் ஊறவிட வேண்டுமா, வேரோடு கொதிக்க விட வேண்டுமா?

கல்வம்:

இரண்டும் வேண்டாம். ஆடுதின்னாப்பாளையைச் சேர்க்கவே கூடாது, பெரியவர்களுக்கும் கூடாது. அதிலும் அதே குடும்பத்து ஈசுவரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்த அமிலம் உள்ள செடிகளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரையில், வேறொரு வேருக்குப் பதிலாக இந்தக் குடும்பத்து வேர் மாறிக் கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்ட பெண்களில் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, சிலருக்குப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வந்தது. கொதிக்க வைத்தாலோ காய வைத்தாலோ அந்த அமிலம் போகாது. பழைய ஏடுகளில் இருக்கிறதே என்று கேட்பார்கள். குடித்த அன்று எந்தத் தொந்தரவும் தெரியாமல் வருடங்கள் கழித்து வருகிற பாதிப்பை, ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்து அறிய வழியே இல்லை.

தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை இரண்டும் வேறு விதத்தில் இதே மாதிரி. அவற்றில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு, கல்லீரலின் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களை அடைக்கும். யார் சொன்னாலும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

பூச்சிக்கு அல்பெண்டசோல் ஒரு வேளை மாத்திரை பெரும்பாலும் போதும். குழந்தையின் வயதைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள்.

பரண்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வம் சொன்ன அந்தச் செடிகள் தோட்டத்தில் தானாக முளைத்திருந்தால், காய வைக்கும் வலைக்குப் பக்கத்திலேயே வர விடாதீர்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு இலையைப் பார்த்து எது என்ன என்று பிரிக்க முடியாது. ஒரு வலையில் ஒரு செடி மட்டும் காயட்டும், வலையின் ஓரத்திலேயே பெயர்ச்சீட்டைக் கட்டிவிடுங்கள். பூவோடு ஒரு கொத்தைத் தாளுக்குள் அழுத்தி வைத்துக்கொண்டால், பிறகு சந்தேகம் வரும்போது தாவரவியல் தெரிந்தவரிடம் காட்ட அது போதும்.